கொசுவைப் பிடித்துப் பார்த்தால் என்ன தெரியும்? கோராபுட் மலைக்கிராமங்களும் மலேரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேரியா குறைந்திருக்கிறதா என்று பார்க்க நோயாளிகளை எண்ணினால் போதாதா? கொசுவை ஏன் பிடிக்க வேண்டும்?

நோயாளிக் கணக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் அது பாதி உண்மையைத்தான் சொல்லும். மலைக்கிராமத்தில் காய்ச்சல் வந்த எல்லோரும் பரிசோதனைக்கு வருவதில்லை. பரிசோதனைப் பட்டை தீர்ந்துபோன மாதத்தில் மலேரியாவே இல்லாதது போல் பதிவேடு காட்டும். பட்டை வந்து சேர்ந்த மாதத்தில் திடீரென்று நோய் பெருகியது போல் இருக்கும். உடம்பில் ஒட்டுண்ணி இருந்தும் காய்ச்சல் இல்லாமல் வயல்வேலைக்குப் போகிறவர்களும் அங்கே நிறைய உண்டு. இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இன்னொன்று, நோயாளி எண்ணிக்கை குறைந்தால் அது ஏன் குறைந்தது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. வலையா, சுவரில் அடித்த மருந்தா, மாத்திரையா, மழை பொய்த்ததா? அதைத் தெரிந்துகொள்ளக் கொசுவிடம்தான் போக வேண்டும். எந்த இனம், எங்கே தங்குகிறது, யாரைக் கடிக்கிறது, எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது, மருந்துக்குச் சாகிறதா: இந்த ஐந்தும் தெரியாமல் ஒரு திட்டம் வென்றது, தோற்றது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

ஏன் கோராபுட்டை எடுத்துக்கொண்டீர்கள்?

இந்தியாவில் மலேரியா மிகக் கடுமையாக இருந்த பகுதிகளில், கோராபுட் மாவட்டம் இருக்கும் தென் ஒடிசா ஒன்று. நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவானவர்கள் வாழும் ஒடிசாவில்தான், 2016, 2017 வாக்கில் நாட்டின் மலேரியா நோயாளிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இருந்தார்கள். அதிலும் பெரும்பகுதி உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபேரம் வகை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் கோந்த், பரஜா, கடபா, போண்டா முதலிய பழங்குடிகள் வாழும் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்து மல்கான்கிரி மாவட்டத்தில் பாலிமேளா நீர்த்தேக்கத்தால் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு, 2018 ஜூலையில் குருப்ரியா பாலம் திறக்கப்படும்வரை படகுதான் வழி.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு தொடர்பும் உண்டு. புதுச்சேரியில் 1975இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்துக்குக் கோராபுட்டில் ஒரு களநிலையம் இருக்கிறது. இந்தப் பகுதியின் கொசுக்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அங்கிருந்து வந்தது.

அங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு எது?

முக்கியமாக இரண்டு. முதலாவது அனோபிலஸ் ஃப்ளூவியாடிலிஸ். மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளிலும், ஓடைப்படுகையை ஒட்டிய படிக்கட்டு நெல்வயல்களில் கசியும் நீரிலும் முட்டையிடும். மழை ஓய்ந்து ஓடை தெளிந்த பிறகு, குளிர்மாதங்களில் பெருகும். இரண்டாவது அனோபிலஸ் குலிசிஃபேசிஸ். மழைநீர்க் குட்டைகள், ஆற்றுப்படுகைப் பள்ளங்கள், நெல்வயல்கள் இதன் இடம். மழைக்காலம் இதன் காலம்.

இரண்டின் குணமும் வேறு. குலிசிஃபேசிஸ் பெரும்பாலும் மாட்டைத்தான் தேடும், மாட்டுக்கொட்டகையில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஃப்ளூவியாடிலிஸ் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மனித ரத்தத்தையே நாடும். மாட்டுக்கொட்டகையில் நின்று எண்ணிவிட்டு ‘இங்கே முக்கியக் கொசு குலிசிஃபேசிஸ்’ என்று எழுதிவிட்டால் ஓடையோரத்து ஊர்களில் தப்பான எதிரியோடு சண்டை போடுவோம்.

ஒரே இனத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு என்கிறார்களே?

உண்டு. பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும், ஆனால் தமக்குள் இனம்கலக்காத கூட்டங்கள் இவை. குலிசிஃபேசிஸில் ஏ முதல் ஈ வரை ஐந்து. இதில் பி வகை மலேரியாவைக் கடத்துவதில் மிக மந்தமானது. ஈ வகை முதலில் அடையாளம் காணப்பட்டது நம் இராமேசுவரம் தீவில். ஃப்ளூவியாடிலிஸில் எஸ், டி, யு என்று மூன்று. எஸ் மனிதரைக் கடிக்கும், மற்ற இரண்டும் மாட்டை நாடும். கோராபுட் பகுதியில் ஆதிக்கம் செலுத்துவது எஸ்.

நுண்ணோக்கியில் இறக்கையின் புள்ளிகளைப் பார்த்து இனம் சொல்லலாம். ஆனால் இந்த உள்வகைகளைப் பிரிக்க முன்பு சூலகத்தின் குரோமோசோம் பட்டைகளைப் படிக்க வேண்டியிருந்தது. இப்போது பி.சி.ஆர். சோதனை அந்த வேலையைச் செய்கிறது.

கொசுவை எப்படிப் பிடிக்கிறார்கள்?

பல வழிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு.

மிகப் பழையது விடியற்காலைக் கைப்பிடி. ஒரு டார்ச் விளக்கு, ஒரு உறிஞ்சுகுழாய். ஆறு மணி வாக்கில் வீட்டுக்குள் போய்ச் சுவர், கூரையின் உட்பக்கம், தொங்கும் துணி, அடுக்கிய விறகு எல்லாவற்றிலும் தேடி, ஓய்வெடுக்கும் கொசுவை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுப்பார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் தேடினால் எத்தனை கிடைத்தது என்பதுதான் கணக்கு. எளிமையான முறை, கொசு உயிரோடு கிடைக்கும். ஆனால் தேடுகிறவரின் கண்ணும் பொறுமையும் கணக்கில் கலந்துவிடும். கைதேர்ந்தவர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்த மாதத்தில் கொசு ‘குறைந்துவிடும்’.

இரண்டாவது, வெள்ளைத்துணி விரிப்பு. தரையெங்கும் வெள்ளைத்துணியை விரித்து, கதவை மூடி, உடனே கொல்லும் பைரித்ரம் மருந்தைப் புகையாக அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விழுந்தவற்றைப் பொறுக்குவார்கள். அந்த அறையில் தங்கிய கொசுக்களின் முழுக்கணக்கு ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

அப்புறம் விளக்குப்பொறி. பேட்டரியில் ஓடும் சிறு விசிறியும் பல்பும் கொண்டது. வலைக்குள் ஒருவர் தூங்க, அவருடைய கால்மாட்டருகே ஒன்றரை மீட்டர் உயரத்தில் மாலையில் கட்டிவிட்டுக் காலையில் எடுப்பார்கள். கொசு மனித வாடைக்கு வரும், வலை தடுக்கும், பொறி இழுத்துக்கொள்ளும். பிடிப்பவரின் திறமை இதில் அவ்வளவாகக் கலக்காது என்பதால், பல ஊர்களை ஒப்பிட எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை.

சன்னலில் பொருத்தும் வெளியேறு பொறி வேறு கதை சொல்லும். மருந்தடித்த வீட்டிலிருந்து கொசு தப்பி ஓடுகிறதா, ஓடியது 24 மணி நேரத்தில் செத்ததா என்று அதில் தெரியும். இதையே நுணுக்கமாக அளக்கக் கட்டப்பட்ட சோதனைக் குடிசைகள் மல்கான்கிரி மாவட்டத்தில் உள்ளன. அவற்றின் சுவர் அந்த ஊர் வீட்டுச் சுவர் மாதிரியே இருக்கும், கொசு உள்ளே வரலாம், வெளியேறினால் வராந்தாப் பொறியில் சிக்கும்.

மனிதரை உட்காரவைத்துக் கொசு பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அது சரியா?

காலை முழங்கால்வரை திறந்துவைத்து, வந்து உட்காரும் கொசுவைக் கடிக்கும் முன் பிடிப்பது அந்த முறை. ஒரு மனிதரை ஓர் இரவில் எத்தனை கொசு தேடி வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்பதை இவ்வளவு நேரடியாகச் சொல்ல வேறு முறை இல்லை. ஆனால் மலேரியா உள்ள ஊரில் கூலிக்காக இன்னொருவரின் உடம்பைத் தூண்டிலாக்குவது சின்ன விஷயமில்லை. செய்தே ஆக வேண்டும் என்றால் நன்னெறிக் குழுவின் அனுமதி, விளங்கச் சொல்லிப் பெற்ற சம்மதம், தடுப்பு மாத்திரை, பின்தொடர்ந்து ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். டெங்கு போன்ற வைரஸ்களுக்குத் தடுப்பு மாத்திரை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளக்குப்பொறியால் பதில் கிடைக்கும் கேள்விக்கு இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிடித்த கொசுவை என்ன செய்வார்கள்?

முதலில் இனம் பிரிப்பு. பிறகு வயிறு. ரத்தம் குடிக்காதது, இப்போதுதான் குடித்தது, பாதி சினை, முழுச் சினை என்று நான்கு நிலை. சும்மா பார்த்தாலே தெரியும், ஆனால் இதில் பெரிய தகவல் இருக்கிறது. மருந்தடிக்கும் முன் வீட்டுக்குள் சினைக்கொசுக்கள் நிறைய கிடைத்து, அடித்த பின் ரத்தம் குடித்தவை மட்டும் கிடைத்துச் சினைக்கொசு காணாமல் போனால், அவை குடித்த கையோடு செத்தன, அல்லது வெளியே போய்த் தங்குகின்றன. இரண்டில் எது என்று வெளியேறு பொறியும், வெளியே வெட்டிய ஓய்வுக்குழியும் சொல்லும்.

வயிற்று ரத்தத்தை வடிதாளில் தேய்த்துக் காயவைத்தால் ஆய்வகத்தில் அது மனித ரத்தமா, மாட்டு ரத்தமா என்று சொல்வார்கள். தலையும் மார்பும் தனியாகப் போகும். உமிழ்நீர்ச் சுரப்பியில் மலேரியா ஒட்டுண்ணி வந்துவிட்டதா என்று எலைசா அல்லது பி.சி.ஆர். மூலம் பார்க்க அது.

கொசு எண்ணிக்கை குறைந்தால் திட்டம் வெற்றிதானே?

அவசியமில்லை. எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாமலேயே மலேரியா சரிய முடியும். பலரும் தவறவிடும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நோயாளியைக் கடித்த கொசு அன்றைக்கே நோயைப் பரப்பாது. ஒட்டுண்ணி கொசுவின் குடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர, 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 12 நாள் ஆகும். அதற்குள் செத்துவிட்டால் அந்தக் கொசுவால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆக, ஆபத்தானது கிழட்டுக் கொசு மட்டுமே. வலையும் சுவர்மருந்தும் செய்யும் முக்கிய வேலை கொசுவின் ஆயுளை வெட்டுவது.

வயதை எப்படி அளப்பது? பெண்கொசுவின் சூலகத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒருமுறைகூட முட்டையிடாத கொசுவில் சூலகத்தின் நுண்காற்றுக்குழாய்கள் நுனியில் சுருண்டிருக்கும். ஒருமுறை முட்டையிட்டாலே அந்தச் சுருள் விரிந்துவிடும், திரும்பச் சுருளாது. நூறு கொசுவில் எத்தனை முட்டையிட்டவை என்று எண்ணினால் போதும்.

ரத்தம் குடித்து முட்டையிட்டு மறுபடி ரத்தம் தேட மூன்று நாள் ஆகிறது என்று வையுங்கள். 12 நாளில் நான்கு சுற்று. முட்டையிட்டவை 60 சதவீதம் என்றால், ஒரு சுற்றைத் தாண்டும் வாய்ப்பு 0.6. நான்கு சுற்றைத் தாண்டுபவை நூற்றுக்குச் சுமார் 13. அதுவே 30 சதவீதமாகக் குறைந்தால் நான்கு சுற்றைத் தாண்டுபவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.8தான். விகிதம் பாதியானது, ஆபத்தான கொசு பதினாறில் ஒரு பங்காகிவிட்டது! பொறியில் விழுந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

ஓர் ஊரில் எத்தனை கொசுக்களிடம் ஒட்டுண்ணி இருக்கும்?

மிகக் குறைவு. இந்தியாவில் பல இடங்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அதுவே போதும். ஒருவரை இரவுக்கு 5 கொசு கடிக்கிறது, அதில் 0.5 சதவீதத்திடம் ஒட்டுண்ணி என்றால், வருடத்தில் அவருக்கு விழும் நோய்க்கடி சுமார் 9.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘300 கொசுவைப் பரிசோதித்தோம், ஒன்றில்கூட இல்லை’ என்று அறிக்கை வரும். நல்ல செய்திதான். ஆனால் 300இல் பூஜ்யம் வந்தாலும், உண்மை விகிதம் 1 சதவீதம்வரை இருக்க வாய்ப்பு உண்டு என்பதே புள்ளியியல் சொல்வது. பூஜ்யத்தைப் பார்த்து மருந்தடிப்பை நிறுத்திய ஊரில் அடுத்த மழைக்கு யார் பதில் சொல்வது?

மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டு தனித்தனிக் கேள்விகள் இதில் இருக்கின்றன. கொசு மருந்துக்குப் பழகிவிட்டதா என்பது ஒன்று. வலையிலும் சுவரிலும் போதிய மருந்து மிச்சம் இருக்கிறதா என்பது இன்னொன்று.

முதலாவதற்கு, மருந்து தோய்ந்த தாள் சுருட்டிய குழாயில் பெண்கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, சுத்தமான குழாய்க்கு மாற்றி, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். பக்கத்திலேயே மருந்தில்லாத தாளில் ஒரு கூட்டம் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து பலிக்கிறது. 90க்குக் கீழே போனால் எதிர்ப்புத்திறன் உறுதி.

இரண்டாவதற்கு, ஊரில் பயன்பாட்டில் இருக்கும் வலையை வாங்கி (பதிலுக்குப் புது வலை கொடுத்துவிட வேண்டும்), கூம்புக் கிண்ணத்தை அதன்மேல் வைத்து, மருந்துக்குப் பழகாத ஆய்வகக் கொசுக்களை மூன்று நிமிடம் உட்காரவைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் 95 சதவீதம் மயங்கி விழ வேண்டும், அல்லது ஒரு நாளில் 80 சதவீதம் சாக வேண்டும். சுவருக்கும் இதே கிண்ணம்தான், ஆனால் 30 நிமிடம். மண்சுவர் மருந்தை உள்ளிழுத்துக்கொள்ளும். பண்டிகைக்கு முன் சுவரை மெழுகினால் மருந்து அடியில் போய்விடும். மெழுகியவரைக் குறை சொல்லிப் பயனில்லை, மருந்தடிக்கும் தேதியைப் பண்டிகைக்குப் பின் வைத்திருக்க வேண்டும்.

தென் ஒடிசாவில் அந்தச் சோதனை என்ன காட்டியது?

பல மாவட்டங்களில் குலிசிஃபேசிஸ் டி.டி.டி.க்கும் சாகவில்லை, மாலத்தியானுக்கும் சாகவில்லை, வலையில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்தான டெல்டாமெத்ரினுக்கும் பழகத் தொடங்கியிருந்தது. ஃப்ளூவியாடிலிஸோ டெல்டாமெத்ரினுக்கு நன்றாகவே செத்தது. அதே வலை, அதே மருந்து. ஓடையோர மலை ஊரில் அது முழுப்பலன் தரும், கீழே சமவெளியில் பலன் குறையும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே சராசரி போட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

வேறு பொருளும் சேர்ந்த வலைகள் இப்போது இருக்கின்றன. பைரித்ராய்டோடு அதன் வீரியத்தைக் கூட்டும் பி.பி.ஓ. சேர்த்தவை, வேறு வகை மருந்தான குளோர்ஃபெனாபைர் சேர்த்தவை. குளோர்ஃபெனாபைர் வலையை 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எந்த ஊருக்கு விலை கூடிய வலை தேவை என்று சொல்ல மேலே சொன்ன குழாய்ச் சோதனைதான் வேண்டும்.

வலைக்குள் போகும் முன்பே கடித்தால்?

அதுவும் நடக்கிறது. சாலமன் தீவுகளில் டி.டி.டி. அடித்த பிறகு அனோபிலஸ் ஃபராவ்டி என்ற கொசு முன்னிரவிலேயே, வீட்டுக்கு வெளியே கடிக்கத் தொடங்கியது. அதே மருந்தில் அங்கிருந்த கோலியன்சிஸ், பங்க்டுலேட்டஸ் என்ற மற்ற இரண்டு கடத்திகளும் பெரும்பாலும் ஒழிந்துபோயின.

ஆனால் கொசு மாறாமலேயே மனிதர் இடம் மாறலாம். கோராபுட் மலைகளில் பொடு சாகுபடி (காட்டை வெட்டி எரித்து, இடம் மாற்றிச் செய்வது) செய்பவர்கள் விளைச்சல் நேரத்தில் காவலுக்காகக் காட்டுக் குடிசையில் படுப்பார்கள். அங்கே சுவரும் கிடையாது, வலை கட்டக் கம்பும் இருக்காது. கொசு எத்தனை மணிக்குக் கடிக்கிறது என்ற பதிவோடு, மக்கள் எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறார்கள் என்ற பதிவும் வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்தான் வலை எத்தனை கடியைத் தடுக்கும் என்று தெரியும்.

ஒடிசாவில் மலேரியா பெருமளவு குறைந்ததே, அது வலையால்தானா?

2017இல் சுமார் 3.47 லட்சம் நோயாளிகள். 2018இல் 66 ஆயிரம், 2019இல் 40 ஆயிரத்துக்கும் கீழே. மிகப் பெரிய சரிவு, மனமாரக் கொண்டாட வேண்டியது. ஆனால் 2017இல் இரண்டு காரியங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக நடந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட நீடித்த மருந்து வலைகள் கொடுக்கப்பட்டன. ‘தமன்’ என்ற திட்டத்தில் எட்டாத ஊர்களில் முகாம் போட்டு, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரையும் பரிசோதித்து, ஒட்டுண்ணி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். வீட்டு வாசலில் பரிசோதித்து மாத்திரை தந்த ஆஷா பணியாளர்களின் உழைப்பும் இதில் உண்டு.

பங்கைப் பிரிக்கக் கொசுத் தகவல் உதவும். முட்டையிட்டவற்றின் விகிதம் வலை வந்த பின் சரிந்ததென்றால் வலை கொசுவின் ஆயுளை வெட்டியிருக்கிறது. ஆயுள் மாறாமல் ஒட்டுண்ணி உள்ள கொசு மட்டும் குறைந்தால், மனிதரிடமிருந்து கொசுவுக்குப் போவது குறைந்திருக்கிறது, அது சிகிச்சையின் வேலை. இதற்கு வலை வரும் முன்பே ஒரு வருடமாவது பிடித்த கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒப்பிட வேறு ஊர்களும் வேண்டும், இல்லையென்றால் மழை குறைந்த வருடத்தின் புண்ணியமும் வலையின் கணக்கில் ஏறிவிடும்.

எட்டாத ஊரில் இதையெல்லாம் செய்வதில் பெரிய சிக்கல் எது?

பாதை, மழை, மின்சாரம் எல்லாம் சிக்கல்தான். உயிருள்ள கொசுவை வெயிலில் கொண்டுவந்தால் வழியிலேயே செத்து, மருந்துச் சோதனை வீணாகும். ஈரத்துணி சுற்றிய கூண்டில், வெயில் ஏறும் முன் கொண்டுவர வேண்டும். செத்த கொசுவைச் சிலிக்கா ஜெல் போட்ட சிறு குப்பியில் உலர்த்தி வைத்தால் ஐஸ் தேவையில்லை, டி.என்.ஏ. கெடாது. குப்பியின் மேல் பென்சிலால் எழுத வேண்டும், பேனா மை கரைந்துவிடும்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சாலையோர ஊர்களில் மட்டும் பிடித்துவிட்டு மலை முழுவதற்கும் முடிவு சொல்வது. ஜீப் போகும் ஊரில் வலையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும், மருந்தடிப்பும் நடந்திருக்கும். நோய் மிச்சமிருப்பது நடந்து போக வேண்டிய ஊரில். ஊர்ப் பட்டியலைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த ஊருக்கு எப்பாடுபட்டாவது போக வேண்டும்.

ஊர் மக்கள் வீட்டுக்குள் விடுவார்களா?

கேட்டு, காரணம் சொல்லி, ஊர்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டு வந்தால் விடுவார்கள். விடியும் முன் ஒருவரின் படுக்கையறைக்குள் டார்ச்சோடு நுழைகிறோம் என்பதை மறக்கக் கூடாது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் வைப்பது எல்லா விதத்திலும் மேல். கூவியோ தேசியாவோ பேசத் தெரிந்தவர், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் இன்றைக்குப் போகக் கூடாது என்று அறிந்தவர் அவர்தான். கிடைத்த முடிவையும் ஊருக்குத் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளில் இது நடப்பதே இல்லை.

கொசுப்புழுவை எண்ணுவதில் பயன் உண்டா?

உற்பத்தி இடம் எது என்று அறியப் பயன். 350 மில்லி அகப்பையில் மொண்டு எண்ணுவார்கள். ஆனால் மலை ஓடையில் புழு எண்ணிக்கையை வைத்து நோய்ப்பரவலை மதிப்பிட முடியாது.

மலேரியா ஒழிந்த பிறகும் கொசு பிடிக்க வேண்டுமா?

வேண்டும். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. அதே வருட இறுதியில் மன்னாரில், அதுவரை அந்த நாட்டில் பதிவாகாத அனோபிலஸ் ஸ்டீபன்சி கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னையின் மாடித்தொட்டிகளில் மலேரியா பரப்பும் அதே கொசு. சான்றிதழ் வாங்கியாயிற்று என்று கொசு பிடிக்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், இது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு மாவட்டத்தில் பணம் குறைவு. எதை முதலில் செய்யலாம்?

குலுக்கி எடுத்த சில ஊர்களில், மாதம் தவறாமல் விளக்குப்பொறி. கிடைத்த பெண்கொசுக்களில் இனமும் வயிற்று நிலையும், ஒரு பகுதியில் சூலகமும். வருடத்துக்கு ஒருமுறை, கொசு பெருகும் பருவத்தில் மருந்து எதிர்ப்புச் சோதனை. வலை கொடுத்து ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆனதும் சில வலைகளை வாங்கிக் கூம்புச் சோதனையும் ஓட்டைக் கணக்கும். இதற்கு ஒரு நுண்ணோக்கியும், கைப்பழக்கமுள்ள இரண்டு மூன்று பேரும், அவர்களுக்கு நிரந்தரச் சம்பளமும் வேண்டும். எலைசாவும் பி.சி.ஆரும் உலர்த்திய கொசுக்களை வைத்துப் பின்னால் ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம்.